தங்கை வீட்டுப் பின்சுவர்

இங்கிலாந்தில் குளிர்காலக் காலைகளில் நான் செய்யும் முதல் வேலை சன்னல் கண்ணாடியைத் துடைப்பது. வெளிப்பக்கத்தை அல்ல, உள்பக்கத்தை. இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சு கண்ணாடியில் தண்ணீராகக் கோத்து நிற்கும். அதை வழித்தெடுக்கவென்றே கடையில் ஒரு கருவி விற்கிறார்கள். துடைத்து முடித்ததும் அந்தக் குளிரிலும் சன்னலைச் சற்று நேரம் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் சுவரில் ஈரம் ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு மார்கரெட் எச்சரித்துக்கொண்டே இருப்பார். தர்மபுரி மாவட்டத்துக்காரனுக்கு இது விளங்கச் சில வருடங்கள் பிடித்தன. எங்கள் பக்கம் கிணற்றிலேயே ஈரம் இருப்பதில்லை.

இந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது அந்த ஈரத்தால்தான் கடன் பாதியில் நின்றது. கடன் தரும் கம்பெனியிலிருந்து வீட்டைச் சோதிக்க ஒரு சர்வேயர் வந்தார். வாங்குபவர் கூட வர வேண்டியதில்லை என்றார்கள். நான் வம்படியாகப் போய் நின்றேன். நாம் நிற்காத இடத்தில் எதுவும் ஒழுங்காக நடக்காது என்பது நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பாடம். பிளாஸ்கில் டீயும் டப்பாவில் முறுக்கும் எடுத்துப் போயிருந்தேன். முறுக்கை நீட்டியதும் மனிதர் ஏதோ பாம்பைப் பார்த்தது போல ஓரடி பின்வாங்கி, “நோ, நோ, ஐ ரியலி காண்ட்” என்றார். விற்கிறவன் ஏற்கெனவே இவரைக் கவனித்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். அவர் பின்னறைச் சுவரில் ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றை அழுத்தினார். அது கீச்சென்று கத்தியது. போகும்போது “நத்திங் டு வொரி அபௌட்” என்று சொல்லிவிட்டுப் போனார். கவலைப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன சுவரைச் சரிசெய்யும்வரை கடனில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பதாகச் சில நாட்களில் கம்பெனி சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மனிதரைச் சந்தேகப்பட்ட நான் அவருடைய அறிக்கையை ஒரு சொல் விடாமல் நம்பினேன். அதில் சொன்னபடி கூரையில் உடைந்திருந்த ஓட்டை மாற்றினார்கள், சுவர் காய்ந்தது, நிறுத்திய பணம் வந்தது.

அதனால் கம்பைநல்லூரில் என் தங்கை செல்வியின் வீட்டுக்கும் அதே சங்கடம் வந்தபோது, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. வீட்டுக்கடன் அவள் பெயரிலும் என் பெயரிலுமாக வாங்கியது. அங்கே வீடு எழ எழ பணம் தருவார்கள். அஸ்திவாரத்துக்கும் லிண்டலுக்கும் கூரைக்கும் வந்துவிட்டது. கடைசித் தவணைக்கு முன் பார்க்க வந்த பேங்க் என்ஜினியர், பின்சுவரில் சாய்வாக இறங்கிய விரிசலைக் காட்டி, அந்த இடத்தை உடைத்துக் கம்பி வைத்துக் கட்டினால்தான் பாக்கி என்று சொல்லிவிட்டார். சன்னலும் கதவும் போட வேண்டிய பணம் அது. வாடகை மிச்சமாகட்டும் என்று செல்வி குடும்பத்தார் முன்பே அங்கே குடிபோய்விட்டார்கள். சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் தார்ப்பாய் தொங்கியது. ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.

இரண்டு ஆட்களுக்குச் சில நாள் வேலை. செலவை நான் தருகிறேன் என்று சொல்லியும் சுவரில் யாரும் கை வைக்கவில்லை.

“ஆடி மாசமுங்க மச்சான். ஆடி போவட்டும்” என்றார் தங்கையின் கணவர் முருகன். ஆடி போனது. “மேஸ்திரி கெடைக்கலீங்க” என்றார். மேஸ்திரிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றதும் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும்ணா. செவுரு என்ன வுழுந்தா போச்சு? வூடு நல்லாத்தான் இருக்குது.”

“அப்ப சன்னல்?”

“தார்ப்பாய் போதும்.”

எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. எங்கள் ஊரிலிருந்து துபாய்க்குப் போன ஒருவர் வீடு கட்டப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். ஊரில் இருந்த உறவினர் அடுத்த தெருவில் எழும்பிக்கொண்டிருந்த வேறொருவர் வீட்டைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். துபாய்க்காரர் ஆசையாக வந்து இறங்கியபோது அவருடைய மனையில் ஆமணக்கு முளைத்திருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை ராத்தூக்கத்தைக் கெடுக்கும். கோடையில் முருகன் புதிதாகப் போர்வெல் போட்டது நினைவுக்கு வந்தது. கூரைத் தவணையில் பாதி பூமிக்குள் இறங்கிவிட்டதோ? கம்பி போட வேண்டிய இடத்தில் கம்பியே இல்லாமல், உடைத்தால் குட்டு வெளிப்படும் என்று பயப்படுகிறார்களோ? வீடியோ காலில் துப்பறியத் தொடங்கினேன். சொசைட்டிக்குப் பால் ஊற்ற எப்போதும் செல்விதான் போவாள். இப்போது போவதில்லை. அவள் மாமியார் ஒரு தட்டு நிறைய மாதுளை உரித்துக்கொண்டு வந்து, போனைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போனார். வேலை செய்யாமல் உட்கார்ந்து மாதுளை தின்னும் அளவுக்குப் பணம் புழங்குகிறது என்று கணக்குப் போட்டேன். ஏதோ மறைக்கிறார்கள். அது மட்டும் சர்வ நிச்சயம்.

பொம்மிடியில் எனக்குத் தெரிந்த மேஸ்திரி சின்னசாமியைப் பிடித்தேன். யாரையும் கேட்க வேண்டாம், நேராகப் போய்ச் சுவரை உடைத்து உள்ளே இருப்பதைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் அழைத்தார்.

“சார், உங்க தங்கச்சிப் பாப்பா செவுத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு நவுர மாட்டேங்குதுங்க.”

“நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.”

“சொன்னனுங்க. சார், நானே இடிக்க மாட்டனுங்க. மாசமா இருக்கறவங்க வூட்டுல சுத்தி எடுத்தா எங்கையி வெளங்குங்களா? எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க.” பிறகு, “உங்களுக்குச் சொல்லலீங்களா?” என்றார்.

இது எனக்குத் தெரியாத வழக்கமா? செல்வி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப் போன என் கையிலிருந்து அப்பா சுத்தியலைப் பிடுங்கி முதுகில் ஒன்று வைத்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, சுவரை இடிக்கக்கூடாது, குழி வெட்டக்கூடாது. இதெல்லாம் எங்கள் பக்கம் யாரும் சொல்லித்தந்து தெரிவதில்லை. ஆடி, மேஸ்திரி, தார்ப்பாய், மாதுளை என்று எல்லாமே என் கண் முன்னால்தான் இருந்தன. ஊரில் இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். இங்கிருந்து பார்த்தபோது திருட்டுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. அம்மாவும் அப்பாவும் இல்லை. பிறக்கப்போகிற குழந்தைக்கு நான் தாய்மாமன். மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் என் மடியில்தான். ஊருக்கே சொல்லாவிட்டாலும் எனக்குச் சொல்ல வேண்டாமா?

செல்வியை அழைத்துக் கத்திவிட்டேன். “நான் என்ன வெளியாளா?”

அவள் மெதுவாகச் சொன்னாள். “போன ரெண்டு தடவையும் மொதல்ல உனக்குத்தாண்ணா போன் பண்ணேன். ரெண்டும் தங்கல. அதான் இந்தத் தடவ சொல்லல.”

அவளை நான் குறை சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு முறையும் செய்தி கேட்டு நான் இங்கே குதித்தது ஞாபகம் இருக்கிறது. என் மகிழ்ச்சி அவளுடைய கணக்கில் கண் திருஷ்டியாகப் பட்டிருக்கிறது. இதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அன்று மாலை சுவர் வேலை ஏன் நிற்கிறது என்று என் மனைவி கேட்டபோது, சிமெண்ட் கிடைக்கவில்லையாம் என்று அவளிடமும் பொய் சொன்னேன். குழந்தை பிறக்கும்வரை சுவரில் கை வைக்க முடியாது என்று பேங்க்கில் முருகன் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே வீட்டுக்கடன் பார்க்கும் அம்மாள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாராம். கடைசித் தவணை அங்கே காத்திருக்கிறது. தார்ப்பாய் மழையில் அடித்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிறுதோறும் செல்வி வீடியோ காலில் வருகிறாள். வருகிறாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கேமராவைத் தன் பக்கம் திருப்புவதில்லை, பின்சுவரை மட்டும் காட்டுகிறாள். “விரிசல் பெருசாவல பாருண்ணா” என்கிறாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. அவள் நிற்கிற இடத்தை என் கண் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக, நானும் சுவரையே பார்த்துக்கொண்டு அவளுக்கு மூச்சு வாங்குவதைக் கேட்கிறேன்.