சான்றிதழின் மேல் ஏழாம் வாய்ப்பாடு

பார்வையற்ற பிள்ளைகள் பயிலும் அறையில் எந்தப் பொருளும் இடம் மாறலாகாது. எங்கள் வகுப்பில் கதவிலிருந்து என் மேசைக்கு ஒன்பது காலடி. மேசையிலிருந்து அலுமாரிக்கு நான்கு. பிள்ளைகள் அமரும் வாங்கு ஒன்று ஒரு சாண் விலகி நின்றாலும் அன்றைக்கு ஒரு பிள்ளையின் முழங்காலில் இரத்தம் கசியும். இந்த ஒழுங்கைப் பதினொரு பிள்ளைகளுக்கும் கற்பித்தவள் நான். அதை மீறியவளும் நானே.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. சுன்னாகத்துக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியின் கடைசிக் கட்டடத்தில் எங்கள் வகுப்பு நடந்தது. தாளை எழுத்துச் சட்டத்துட் பொருத்தி ஊசியாற் குத்தி எழுதும் பிரெயில் எனும் புள்ளியெழுத்துக்குத் தடித்த தாள் வேண்டும். மெல்லிய தாளில் ஊசியை அழுத்தினால் புள்ளி எழாது, தாள் கிழியும். போரினால் தெற்குக்கான பாதை மூடப்பட்டபின் கொழும்பிலிருந்து தாள் வருவது நின்றுபோயிற்று. ஊரவர் பழைய நாட்காட்டிகளையும் கலியாண அழைப்பிதழ்களையும் சஞ்சிகை அட்டைகளையும் சேர்த்துக் கொண்டுவந்து தந்தனர். அச்செழுத்து விரலுக்குத் தெரியாது. ஆகையால், முருகனின் மயில் மேலும் இலக்குமியின் தாமரை மேலும் எங்கள் பிள்ளைகள் சிறிதும் தயக்கமின்றிக் கணக்குச் செய்தனர். அத்தாள்கள் யாவும் என் மேசையின் இடப்பக்கத்தில், தேயிலைப் பெட்டி ஒன்றில் கிடக்கும். மேலே இருப்பது எதுவாயினும் அதை எடுக்கலாம். என்னிடம் கேட்க வேண்டியதில்லை. அது வகுப்பின் வழக்கம்.

நான் தமிழாசிரியையாகப் பயிற்சி பெற்றவள். அவ்வகுப்புக்கு ஆளில்லாமற்போனபோது, ஒரு பழைய அரிச்சுவடியைக் கொண்டு சில கிழமைகளிற் புள்ளியெழுத்தைக் கற்று உள்ளே நுழைந்தேன். வேறு அறிவு எனக்கு இருக்கவில்லை. குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்கு இரண்டாண்டுகள் புள்ளியெழுத்துக் கற்பித்தேன். பின்னர் ஒருநாள் கண் மருத்துவர் ஒருவர் வந்து, இப்பிள்ளைக்கு ஓரளவு பார்வை உண்டு, பெரிய எழுத்தைக் கண்ணருகே பிடித்தால் தெரியும் என்றார். தெரிந்தது. இருந்த பார்வையை இரண்டு ஆண்டுகளாக இல்லையென்று எண்ணி வந்திருக்கிறேன். அன்றிரவு நான் உண்ணவில்லை.

தென்னிலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்று விசேட கல்வியிற் பட்டநெறி தொடங்குவதாகச் செய்தித்தாளில் அறிவித்தல் வந்தது. சிறப்புக் கல்வி என்று எழுதுவதே என் வழக்கம். ஆயினும் விண்ணப்பத்தில் அவர்களுடைய சொல்லையே எழுதினேன். இந்நெறியைக் கற்க விரும்புவது ஏன் என்று கேட்டு ஒரு முழுப் பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதனை நான் அழகுத் தமிழால் நிரப்பினேன். மீனவப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. என் பயிற்சிச் சான்றிதழின் தட்டச்சுப் படியைச் சமாதான நீதவான் ஒருவரிடம் உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு மூலச் சான்றிதழைக் கொண்டு செல்ல வேண்டும். அது இல்லாதவர் தேர்வுக்கு ஏற்கப்படார் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தனர்.

பள்ளி விட்டதும் நீதவானிடம் செல்லலாம் எனச் சான்றிதழை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டு வந்திருந்தேன். பள்ளி அதிபருக்குக் காட்டுவதற்காக உறையிலிருந்து எடுத்த வேளையில் எங்கள் பிள்ளைகள் தலையை உயர்த்தினர். வானூர்தியின் ஒலி மற்றவர்களுக்குக் கேட்குமுன் அவர்களுக்குக் கேட்கும். எங்கள் வகுப்பு எழுந்தால் பள்ளி முழுவதும் எழும். பதுங்குகுழிக்கு வழிநடத்தவென வைத்திருந்த நீண்ட கயிற்றைப் பிள்ளைகள் பற்றி வரிசையாயினர். சான்றிதழைக் கையிலிருந்து எங்கேயோ வைத்துவிட்டுக் கயிற்றின் முனையைப் பிடித்துப் பதுங்குகுழிக்கு நடந்தேன்.

குண்டு வேறெங்கோ தொலைவில் விழுந்தது. திரும்பி வந்து பிள்ளைகளை அமர்த்தியதும், ஓடி வந்த பெற்றோருக்கு மறுமொழி சொல்ல அதிபர் என்னை அழைத்தார். அரைமணி கழித்து வகுப்புக்கு மீண்டபோது முன் வாங்கில் ஒரு சிறுமி எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயது, மெலிந்தவள், வகுப்பிலே விரைவாக எழுதுபவள் அவளே. ஊசியின் ஒலி வழமையிலும் தெளிவாகக் கேட்டது.

"என்ன எழுதுறாய்?"

"ஏழாம் வாய்ப்பாடு, ரீச்சர். நேற்று நீங்கள் தந்தது."

எழுத்துச் சட்டத்துள் இருந்த தாளின் ஓரத்தில் நான் பயின்ற ஆசிரியர் கலாசாலையின் இலச்சினை தெரிந்தது.

"உந்தக் கடுதாசி எங்கை எடுத்தனீ?"

"பெட்டிக்கு மேலை கிடந்தது. இண்டைக்கு நல்ல கடுதாசி, ரீச்சர். பணக்காரற்ரை கலியாணக் காட் மாதிரி." அவள் முகம் மலர்ந்திருந்தது. "முடிச்சிட்டன். திருத்தித் தாங்கோ."

அவளிற் பிழையில்லை. பெட்டியின் மேல் வைத்தவள் நான். தாளைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தேன். திருத்தவில்லை.

அதிபர் சான்றிதழை இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். நல்ல மனிதர், எவருக்கும் தீங்கு நினையாதவர்.

"ரீச்சர், உதை உப்பிடியே கொண்டுபோனால், சொந்தச் சாமானையே கவனமா வைக்கத் தெரியாத ஆள் எண்டுதான் நினைப்பினம்."

"எழுத்தெல்லாம் வாசிக்கலாம்தானே, சேர்."

"வாசிக்கலாம். ஆனால் பிள்ளை குத்தினதெண்டு சொல்லப்போறியளே? வகுப்பு அடக்கத் தெரியாதவ எண்டு எழுதிப்போடுவினம். குண்டு விழுந்து பழுதாப்போச்சுதெண்டு சொல்லுங்கோ. ஆர் வந்து பாக்கப்போறான்?"

சுன்னாகத்துச் சமாதான நீதவான் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், எழுபது கடந்தவர். சான்றிதழைச் சாளரத்துக்கு நேரே பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன பிள்ளை, உன்ரை சேட்டிபிக்கற்றுக்கு அம்மை வந்து மாறினதே?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்க நேரம் எடுத்தது.

"கொப்பியிலை நான் கையெழுத்து வைப்பன், அதுக்குப் பயமில்லை. ஆனால் அங்கை போய் ஒறிஜினலைக் காட்டேக்கை கேப்பாங்கள். குண்டுவீச்சிலை சேதமாப்போச்சுதெண்டு ஒரு சத்தியக் கடுதாசி அடிச்சுத் தாறன். நீ ஒப்பம் வை."

"அது பொய்யெல்லே, ஐயா?"

"பிளேன் வந்தது பொய்யோ? நீ பங்கருக்கை ஓடினது பொய்யோ? பாதி உண்மை கிடக்குதுதானே. இஞ்சை அரைவாசிக் கடுதாசியள் உப்பிடித்தான் அடிக்கிறன்."

நான் ஒப்பமிட்டேன். அன்று அதற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. இடம் கிடைத்தாற் பதினொரு பிள்ளைகளுக்கும் நன்மை என்பது அவற்றுள் ஒன்று.

ஐந்து கிழமைகளின் பின் அழைப்பு வந்தது. கிளாலியிற் படகேறிக் கடனீரேரியைக் கடந்து, வவுனியாவிற் சோதனைகளுக்கு நின்று, மூன்றாம் நாள் பல்கலைக்கழகம் இருந்த நகரை அடைந்தேன். பையில் சான்றிதழும் சத்தியக் கடதாசியும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. படகில் அப்பையை மடியில் வைத்து, அதன்மேல் குனிந்தே இருந்தேன். நனையாமற் காக்க விரும்பியது எதனை என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

தேர்வு மண்டபத்தில் மூவர் இருந்தனர். நடுவில் இருந்த பெண்மணி தலைவர். வலப்பக்கத்தவர் குறிப்பெழுதினார். இடப்பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்த, தலை நரைத்த ஒருவர் கைகளை மேசைமேல் விரித்து அசைவின்றி இருந்தார். உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது.

தலைவர் சான்றிதழை வாங்கியதும் புருவத்தைச் சுருக்கினார். இதற்கு என்ன நேர்ந்தது என வினவினார். என் கை பைக்குள் சென்று சத்தியக் கடதாசியைத் தொட்டது. அதே கணத்திற்றான், இடப்பக்கத்தவரின் நாற்காலியிற் சாய்த்து வைத்திருந்த வெள்ளைப் பிரம்பைக் கண்டேன்.

கையை வெளியே எடுத்தேன். சான்றிதழைத் தாள்பெட்டியின் மேல் நானே வைத்துவிட்டேன், என் மாணவி ஒருத்தி அதிலே வாய்ப்பாடு எழுதினாள் என்றேன். இதனை என் நேர்மை என்று இன்றும் சொல்லிக்கொள்ள இயலவில்லை. அத்தாளை வாசிக்கக்கூடியவர் ஒருவர் எதிரில் இருக்கையில் பொய் சொல்ல என்னால் இயலவில்லை, அவ்வளவே.

அம்முதியவர் கையை நீட்டினார். தலைவர் தாளைக் கொடுத்தார். அச்செழுத்தின் பக்கத்திற் குழிகளைத் தடவிவிட்டுத் தாளைப் புரட்டினார்; புள்ளிகள் எழுந்திருந்த பக்கத்தில் விரலை வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினார். எண்களுக்குரிய புள்ளிகள் எந்த மொழிக்கும் ஒன்றே. அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. எட்டாவது வரியில் விரல் நின்றது. பின்னே சென்று மறுபடி வந்தது.

ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று எழுதியிருக்கிறாளே, அவளுக்குச் சொன்னீர்களா என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன்.

இதை நீங்கள் வாசிக்கவில்லையா?

இல்லை என்றேன். ஐந்து கிழமைகள் அத்தாள் என்னிடம் இருந்தது. அதிபர் பார்த்தார், நீதவான் பார்த்தார், நான் நாள்தோறும் எடுத்துப் பார்த்தேன். பழுதடைந்த சான்றிதழாகவே பார்த்தேன். ஒரு பிள்ளை எழுதித் திருத்தக் கேட்ட தாள் என்று ஒருமுறையேனும் விரலால் தொட்டு வாசிக்கவில்லை.

அம்முதியவர் தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தார். தலைவர், விண்ணப்பத்தில் எழுதியதை விட்டுவிட்டு, இங்கே கற்க வேண்டிய தேவை என்னவென்று உங்கள் வாயாற் சொல்லுங்கள் என்றார். அழகிய சொற்கள் எவையும் வரவில்லை. மீனவப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தெரிகிறது என்று அறியும் முறை எனக்குத் தெரியாது, அது தெரியாமல் அவ்வறைக்குள் மறுபடி நுழைய அச்சமாக இருக்கிறது என்றேன். குறிப்பெழுதியவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். இடம் போய்விட்டது என்ற எண்ணத்தோடு வெளியே வந்தேன். திரும்பும் வழியில், வவுனியாப் பேருந்து நிலையத்தில் சத்தியக் கடதாசியைக் கிழித்துப்போட்டேன்.

வகுப்புக்கு மீண்ட அன்று அச்சிறுமியை மேசைக்கு அழைத்தேன். ஒன்பது காலடி எண்ணி வந்து நின்றாள்.

"ஏழெட்டு எத்தினை?"

"அம்பத்தாறு, ரீச்சர்." உடனே சொன்னாள். "அண்டைக்குப் பிழையா எழுதிப்போட்டன். வீட்டை போய்ச் சொல்லிப் பாக்கேக்கைதான் விளங்கினது. நீங்கள் தாளைத் திருப்பித் தரேல்லை."

"ஏன் நீ கேக்கேல்லை?"

"நல்ல கடுதாசிதானே. நீங்கள் வைச்சிருக்க ஆசைப்பட்டியளாக்கும் எண்டு விட்டிட்டன்."

சான்றிதழை அவள் கையிற் கொடுத்தேன். அது இன்னதென்று அப்போதுதான் சொன்னேன். அவள் அதை மேசைமேல் போட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "ஐயோ ரீச்சர்!" என்றாள். பெட்டியின் மேல் வைத்தது என் பிழை, தாளைத் திருத்தாமல் வைத்திருந்தது அதனிலும் பெரிய பிழை என்று சொல்லி அவளை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது.

"அப்ப இப்ப திருத்தவோ?"

"திருத்து."

நான்கை ஆறாக்க ஒரு புள்ளியை நீக்கி, வேறொரு புள்ளியைக் குத்த வேண்டும். எட்டாவது வரியை விரலாற் கண்டு, வேண்டாத புள்ளியைப் பெருவிரல் நகத்தால் அழுத்தி அழுத்தி மட்டமாக்கினாள். பின்பு தாளைப் புரட்டிச் சட்டத்துட் பொருத்தி, ஊசியால் ஒரே ஒரு குத்து. விரலால் வாசித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். இம்முறை கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு வரிகளையும் வாசித்தேன்.

சில மாதங்களின் பின் கடிதம் வந்தது. எனக்கு இடம் தரப்பட்டிருந்தது. காரணம் எதுவும் அதில் இல்லை. பதிவுக்குச் சென்ற நாளில், அலுவலக எழுதுவினைஞர் சான்றிதழைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இது என்ன என்றார். ஏழாம் வாய்ப்பாடு, பிழையில்லை என்றேன்.

நான் அங்கே இரண்டாம் ஆண்டு கற்றுக்கொண்டிருந்தபோது, இராணுவம் முன்னேறியதால் எங்கள் ஊர் உட்பட வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஊரை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தனர். பல கிழமைகள் செய்தியில்லை. பின்னர் சாவகச்சேரியிலிருந்து அதிபரின் கடிதம் வந்தது. பதினொரு பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்தபடி, மழையில் ஒருவரையொருவர் விடாமல் வந்து சேர்ந்தனர் என எழுதியிருந்தார். தாள்பெட்டியையும் அவர்கள் இத்தனை ஆண்டுகள் எழுதிச் சேர்த்த தாள்களையும் தூக்கி வர ஆளில்லை. தங்கிய பள்ளி மண்டபத்தில் பிள்ளைகள் அவற்றை எண்ணி அழுதார்களாம். அச்சிறுமி மட்டும் அழவில்லையாம்.

"என்ரை ஒண்டு ரீச்சரிட்டைக் கிடக்கு" என்றாளாம்.

பின்னர் ஊர் திரும்பியவர்கள், எங்கள் வகுப்பு நடந்த கட்டடத்திற் கூரையும் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை என்றனர். ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது மூலச் சான்றிதழை அலுவலகக் கோப்பில் வைக்க ஒப்படைக்கச் சொன்னார்கள். தட்டச்சுப் படியையே கொடுத்தேன். மூலம் எங்கே என்று இருமுறை கடிதம் எழுதினார்கள். அது ஒரு மாணவியின் தாள், தர இயலாது என்று இருமுறையும் மறுமொழி எழுதினேன்.