ஓடு என்றும் நில் என்றும் ஒரு வார்த்தை

குளச்சல் கடற்கரையில் ததேயுஸ் ஒரு வள்ளத்துக்குத் தண்டல். துடுப்பு வலிக்கிற எட்டுப் பேரும் தண்டல் சொன்னபடி கேட்கவேண்டும்; சுக்கான் அவர் கையில். மணவாளக்குறிச்சியில் அள்ளிச் சலித்த கருமணல் சாக்கு சாக்காக வந்து இறங்கும். கப்பலோ கரைக்கு வராது, ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அதுவரை மூட்டைகளைக் கொண்டுசேர்ப்பதுதான் வேலை. பத்து வயதில் கடலுக்குப் போனவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர், இருபது வருஷம் கூலித் துடுப்பு வலித்த பிறகுதான் அந்தச் சுக்கானைத் தொட்டார்.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் நாலே வார்த்தை. எஸ், நோ, குட், ஃபாஸ்ட். கடைசி வார்த்தையைக் கரையில் நிற்கும் கம்பெனி துரையிடம் பிடித்தார். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "ஃபாஸ்ட்! ஃபாஸ்ட்!" என்பார். சுமடு தூக்குகிறவர்கள் ஓடுவார்கள். ஆக, ஃபாஸ்ட் என்றால் ஓடு. இதில் ததேயுஸுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், தபசு காலத்து நோன்பு வெள்ளிக்கிழமை. கப்பலில் வழக்கமாக நம் பேச்சில் சொல்லித்தரும் ஆளுக்குக் காய்ச்சல். புதிதாக வந்த வெள்ளைக்காரன் ஒருவன் மேலிருந்து கயிற்றை வீசினான். ததேயுஸ் அதைக் கட்டத்தான் குனிந்தார். அதற்குள் அவன், "மேக் ஃபாஸ்ட்! மேக் ஃபாஸ்ட்!" என்று கத்தினான்.

"ஏலே கிளீட்டஸு, கயித்தைக் கையில பிடி. முடிச்சு கெட்ட நேரமில்ல, அவன் கெடந்து பறக்கான். மூட்டையை ஏத்துங்க மக்கா, சீக்கிரம்!"

மூன்று மூட்டை மேலே போயிருக்கும். ஒரு பெரிய அலை வள்ளத்தைத் தூக்கி அப்பால் வீசியது. கயிற்றோடு துடுப்புக்காரன் கிளீட்டஸ் கடலுக்குள் போனான். சரிந்த பக்கத்திலிருந்து பதினோரு மூட்டையும் அவன் பின்னாலேயே போயின. கிளீட்டஸ் மட்டும் மேலே வந்தான்.

கரையில் துரை சொன்னதைக் கிளார்க் ஜெயசிங் தமிழில் சொன்னார். "கெட்டச் சொன்னா கெட்டாத ஆளு தண்டலா இருக்கண்டாமாம். நாளைக்கு வந்து காரணம் சொல்லும் ஓய். இல்லன்னா சுக்கானை கிளீட்டஸ் பிடிப்பான்."

"கெட்டவா சொன்னான்? ஓடச் சொன்னான்! என் காதால கேட்டேன்!"

வீட்டில் மகள் ரீத்தா நிறைமாதம். கன்னியாஸ்திரிகளிடம் ஆறாம் வகுப்புவரை படித்தவள். அப்பா சொன்னதைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி, என் சுக்கான் போவப்போகுது. நீ சிரிக்கியா?"

"மேக் ஃபாஸ்ட்டுன்னா இறுக்கிக் கெட்டுன்னு அர்த்தம் அப்பா."

"ஃபாஸ்ட்டுன்னா ஓட்டம் இல்லியா?"

"ஓட்டமும் அதுதான். ஓடாம இறுக்கி நிறுத்துறதும் அதுதான்."

"பைத்தியமா அவனுவளுக்கு?"

"இன்னும் கேளுங்க. இன்னைக்கு நீங்க கஞ்சி குடிக்காம இருக்கிய ஒருசந்தி, அதுவும் ஃபாஸ்ட்டுதான். இந்தச் சேலையில முத்திரை குத்தியிருந்துதே, வெளுத்தாலும் சாயம் போவாதுன்னு? அதுவும் அதேதான்."

ததேயுஸ் விரல் விட்டு எண்ணினார். காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறும் ஃபாஸ்ட், அலை அடித்துக்கொண்டுபோன வள்ளமும் ஃபாஸ்ட், கட்டாமல் விட்ட முடிச்சும் ஃபாஸ்ட். ஒரு நாள் முழுக்க அந்த ஒரே வார்த்தைக்குள்ளேயா கிடந்திருக்கிறார்?

"நம்ம தமிழு இப்பிடி ஆளை ஏமாத்தாதுட்டி."

"ஏமாத்தாதா? கோயில் கூரையைப் பாருங்க. மேல இருக்கது என்ன?"

"ஓடு." சொன்னவர் கூரையை மறுபடி பார்த்தார். ஐம்பது வருஷமாகத் தினமும் சொன்ன வார்த்தை. ஓடு என்றால் ஓட வேண்டும். கூரையில் இருக்கிற ஓடோ புயலுக்கும் அசையக் கூடாது. மேலே நீரோட்டம் ஓடுகிறது, அடியில் நங்கூரம் நிற்கிறது, கடல் ஒன்றுதானே? சொல்லும் அப்படித்தான் போலிருக்கிறது. அவர் மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, துரை நாற்காலியில். ததேயுஸ் கிடங்கின் கூரையைக் கைகாட்டினார்.

"கிளார்க் ஐயா, தொரைட்ட சொல்லும். அதுக்குப் பேரு ஓடு. நாளைக்கு நான் ஓடுன்னு கத்துனா, தொரை கூரைக்கு ஏறுவாரா, ரோட்டுல பாய்வாரா? தெரியாதவன் தெரிஞ்சதைத்தான் செய்வான்."

ஜெயசிங் பயந்து பயந்து சொன்னார். துரை சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்தார். "ஓடு?" என்றார். ஒரு சுமட்டுக்காரனைக் காட்டி, "ஓடு?" என்றார். அந்த அப்பாவி நிஜமாகவே ஓடத் தொடங்கினான். அப்போதுதான் துரை வயிறு குலுங்கச் சிரித்தார். "திங்கக்கிழமை ஒரு தடவை பார்ப்பாராம்," என்றார் ஜெயசிங். "தப்பாமச் செஞ்சா சுக்கான் உம்மது."

திங்கட்கிழமை கப்பலடியில் ததேயுஸின் காதெல்லாம் மேலேதான். "மேக் ஃபாஸ்ட்!" கயிறு விழுந்த கையோடு இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சைப் போட்டார். அலை வந்தது. வள்ளம் ஏறி இறங்கியது, விலகவில்லை. கடைசி மூட்டையும் ஏறிய பிறகு, "ஃபாஸ்ட்! ஃபாஸ்ட்!" என்றான் அந்த வெள்ளைக்காரன். மேக் முன்னால் வந்தால் முடிச்சு, தனியாக வந்தால் ஓட்டம். முடிச்சை உருவிவிட்டு, "வலிங்க மக்கா!" என்றார். வள்ளம் கரைக்குப் பறந்தது. துரை கரையில் நின்று சுக்கானைக் காட்டி, "குட்," என்றார். அந்த வார்த்தை தெரிந்ததுதான்.

அடுத்த நடைக்கு மூட்டை அடுக்கும்போது ஆள் வந்து சொன்னது: ரீத்தாவுக்குப் பெண்பிள்ளை. ததேயுஸ் ஈரத் துணியோடு ஓடினார்.

பழந்துணிக்குள் ஒரு சிவந்த முகம். உப்பு காய்ந்த சுட்டுவிரலை நீட்டினார். அரை விரல் நீளம்கூட இல்லாத அந்தக் கை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிடித்தபடியே தூங்கவும் தொடங்கியது. எத்தனையோ கயிறு பார்த்த விரல், அசையவில்லை.

"இதுக்கு அந்த வெள்ளைக்காரன் என்னட்டி சொல்லுவான்?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"இறுக்கின பிடிக்கும் ஃபாஸ்ட்டுதான்," என்றாள் ரீத்தா களைத்த சிரிப்போடு. "அசந்த தூக்கத்துக்கும் அதுதான்."

வாசலில் கிளீட்டஸின் சத்தம். "ஓய் தண்டலே! வள்ளம் நிறைஞ்சாச்சு, தொரை தேடுகாரு. ஃபாஸ்ட்டு, ஃபாஸ்ட்டு!"

ததேயுஸ் விரலை உருவவில்லை.

"மெதுவாக் கத்துலே. நான் ஃபாஸ்ட்டாத்தான் இருக்கேன்!"