தண்ணீரில் மிதந்த அரிசி

ஒரகடத்துக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனும் மருமகள் செல்வியும் கம்பெனிகளில் ஷிஃப்ட் வேலைக்குப் போவதால் சமையல் என் பொறுப்பு. ரேஷன் அரிசியை ஊறப்போட்டால் சில அரிசிகள் மட்டும் மிதக்கும். மங்கலான மஞ்சள் நிறத்தில், விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். பிளாஸ்டிக் அரிசி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பார்த்தாலே எனக்குக் குமட்டும். ஒரு டம்ளருக்கு நூறுக்குக் குறையாது. ஒன்று விடாமல் எண்ணிப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவேன். செல்வியிடமும் காட்டி, "பாரும்மா, இன்னா கண்றாவி இது!" என்பேன்.

ஐந்து மாதக் கர்ப்பிணியான செல்வி ஒருநாள் வேலையில் மயங்கி விழுந்தாள். ரத்தம் மிகவும் குறைவு என்றார்கள். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டு, வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டார். நான் அரிசி பொறுக்கும் கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

"அய்யய்ய, அது பிளாஸ்டிக் இல்ல பெரியவரே! அரிசி மாவுல இரும்புச் சத்து, வைட்டமின்லாம் கலந்து செஞ்சது. புள்ளத்தாச்சிக்கு வேண்டியத கோழிக்குப் போட்டுகினு கீறீங்க. டெஸ்ட் பண்ணா உங்க வூட்டுக் கோழிக்கு ரத்தம் சூப்பரா இருக்கும்!"

இப்போது பொறுக்குவதில்லை. ஆனால் செல்வி தட்டைத் தள்ளுகிறாள். "வேணாம் மாமா, கொமட்டுது."

அந்த அருவருப்பை அவளுக்கு ஊட்டியவன் நான்தான். அதனால் தினமும் அவள் எதிரே உட்கார்ந்து, அதே சோற்றை முதலில் நான் சாப்பிடுகிறேன். இன்றும் எனக்கு அது தொண்டையில் இறங்க மறுக்கிறது. அவள் என் முகத்தையே பார்ப்பதால், சிரித்துக்கொண்டே விழுங்குகிறேன்.