என் அழைப்பு அவள் போனில் வந்தது

இந்தச் சாட்சியை வெள்ளிக்கிழமை ஜெபத்தில் எழுந்து நின்று சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பெனிட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என் மார்க்கை மட்டும் போடாதடி" என்றாள். போடவில்லை. என்னுடையது அதிகம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா பெங்களூருக்குத் தினமும் ரயிலில் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர். கையெழுத்துக்கு மேல் அவருக்கு எழுத வராது. அம்மாவுக்கு அதுவும் வராது. நான் ஆம்புலன்ஸ் வேலைக்கான டிப்ளமோ முடித்த அன்று, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பாலகாட்டு லைன் வீடுகளில், எங்கள் லைன் முழுவதும் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் வேலை கிடைக்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனால் கேட்பார்கள்: "இன்னா ரூத்து, உன் ஆம்புலன்ஸ் பங்காருபேட்டையாவது தாண்டிச்சா?" பெங்களூர் போகிற வழியில் அதுதான் முதல் பெரிய ஸ்டேஷன். சிரித்துவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து அழுவேன்.

பெனிட்டா என்னோடு படித்தவள். நம் சபைதான். சுரங்கத்தின் இன்னொரு பக்கம், மைசூர் மைன்ஸில் வீடு. அவள் அப்பாவுக்கு ஆபீஸ் வேலை, வீட்டில் லேப்டாப் உண்டு. இங்கிலீஷும் கன்னடமும் அவள் வாயில் தானாக வரும். நான் மனப்பாடம் செய்து வாங்கிய மார்க்கை அவள் ஒரே ஒரு பதிலில் சின்னதாக்கிவிடுவாள். இரண்டு வருஷமும் ஒரே ரயிலில் ஒரே பெஞ்சில் போய் வந்தோம். அவள் எனக்கு இட்லி கொடுப்பாள். நான் தின்றுகொண்டே அவள்மேல் பொறாமைப்படுவேன். இதுதான் உண்மை.

போன வருஷம் ஆகஸ்ட்டில் பெங்களூரில் ஒரு மருத்துவமனை ஆம்புலன்ஸுக்கு ஆள் எடுத்தது. பெண்களுக்கு ஒரே ஒரு இடம். ரெஸ்யூம் அடிக்க ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பெயர், ஊர், மார்க் என்று நான்கு வரியில் என் வாழ்க்கை முடிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் பெனிட்டாவின் பெயரில் ஒரு ஃபைல் இருந்தது. முந்தின நாள் அவள் அங்கே பிரிண்ட் எடுத்திருக்கிறாள். பார்க்கத்தான் திறந்தேன். எவ்வளவு அழகு. மேலே நீலக் கோடு, கீழே ஒரு வரி: பிறர் பதறும் இடத்தில் நான் பதறமாட்டேன்.

எனக்கு வயிறு எரிந்தது. கடைக்காரர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். அப்பா பெயரை மாற்றினேன். பிறந்த தேதியை மாற்றினேன். மார்க்கை மாற்றினேன். மார்க்கை மாற்றும்போது மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி, என்னுடையது பெரிய எண் என்று ரசித்தேன். பிரிண்ட் எடுத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பெனிட்டாவுக்கு இண்டர்வியூ வந்திருக்கிறது என்று போதகர் ஐயா சொன்னார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. நானும் சொன்னேன். உடனே முழங்கால் போட்டு, கண்ணை மூடி, என் வாழ்க்கையிலேயே மிக அசிங்கமான ஜெபத்தைச் செய்தேன். "ஆண்டவரே, ஒரே இடம்தான் இருக்கு. அவளுக்கு வேண்டாம். என் போனை அடிக்க வையுங்க."

போன் அடிக்கவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதைத் தலையணைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடவுள்கூட இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்குத்தான் காது கொடுப்பார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள்.

புதன்கிழமை மத்தியானம் நல்ல மழை. பெனிட்டா நனைந்துகொண்டே எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உனுக்கு இண்டர்வியூ. இப்பதான் கூப்பிட்டாங்க."

"எனக்கா? உங்கிட்ட எதுக்குச் சொன்னாங்க?"

"அத நீதான் சொல்லணும். ரூத்து இருக்காங்களான்னு என் நம்பருக்குப் போன் வருது."

எல்லாவற்றையும் மாற்றினேன். போன் நம்பரை மாற்றவில்லை.

அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை. துண்டைக் கொடுத்து, டீ போட உள்ளே போனாள். பெனிட்டா தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "காப்பி அடிச்சா கடைசி வரைக்கும் பார்த்து அடிக்கணும்டி."

அவ்வளவுதான். 'ராங் நம்பர்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குப் போட்டி ஒன்று குறைந்திருக்கும். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். கர்த்தருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் எங்களுக்கு ஜன்னல் பெஞ்சை விட்டுக்கொடுத்தார்கள். பெனிட்டா கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன். அப்பாவோடு வேலை செய்யும் செல்வம் அண்ணன் திடீரென்று மயங்கி விழுந்தவர் மாதிரி எதிர் பெஞ்சில் நீட்டிப் படுத்துவிட்டார். "நான் உயுந்துட்டேம்மா. இன்னா பண்ணுவ?"

நாடி பார்ப்பேன், மூச்சு பார்ப்பேன் என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "நீயும் உயுந்துட்ட, போ. உள்ள கேஸ் கீதான்னு பாத்தியா?"

பெட்டியே சிரித்தது. சுரங்கத்தில் விஷவாயு பட்டு விழுந்தவனைத் தூக்க ஓடிப்போய் இரண்டாவதாக விழுந்தவர்களின் கதை எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. முதலில் இடம் பத்திரமா என்று பார்க்க வேண்டும். புத்தகத்திலும் அதுதான் முதல் வரி. பெனிட்டாவும் சிரித்தாள். அப்போதும், பாருங்கள், அவளுக்கு அந்தப் பதில் தெரிந்திருந்ததே என்று எனக்கு எரிந்தது.

இண்டர்வியூவில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். ஒரு டாக்டர் அம்மா. மயங்கி விழுந்தவரைக் கண்டால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். செல்வம் அண்ணனை மனதில் நினைத்து, நான் உள்ளே போகலாமா என்று முதலில் பார்ப்பேன் என்றேன். தலையாட்டினார். மற்ற கேள்விகளும் நன்றாகவே போயின. பிறகு இரண்டு தாள்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே நீலக் கோடு. ஒரே நம்பர். இரண்டு பேருமே பதறமாட்டோம்.

"யார் எழுதினது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

சேர்ந்து எழுதினோம் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெனிட்டா நனைந்து நின்றது கண்ணில் வந்தது. அவள் எழுதியது, அவளைக் கேட்காமல் நான் எடுத்தேன், பொறாமையில் எடுத்தேன், அவசரத்தில் நம்பரை விட்டுவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நோயாளியின் ரத்த வகையை இப்படி எழுதினால் என்ன ஆகும் என்றார். "செத்துப்போவாங்க மேடம்" என்றேன். போகச் சொல்லிவிட்டார்.

பெனிட்டா உள்ளே போனாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். என் வேலை போய்விட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. அங்கேதான் முதல்முறையாக அவள் பெயரைச் சொல்லி நல்லபடியாக ஜெபம் செய்தேன். "அவளுக்கே கொடுங்க ஆண்டவரே." மனசார இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் போன் அடித்தது. பெனிட்டா. அவள் குரல் கரகரவென்று இருந்தது.

"உன் போன் இன்னும் எனக்குத்தான் வந்துக்கினு கீது" என்றாள். "உன்ன எடுத்துட்டாங்க. ஒண்ணாந்தேதி வரச் சொன்னாங்க."

"உனக்கு?"

"ஒரே இடம்தானேடி."

மருத்துவமனையிலிருந்து போன் வருகிறது என்று ஆசையாக எடுத்திருப்பாள். அடுத்தவள் பெயரைக் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு, அழுதுவிட்டு, எனக்குப் போன் செய்திருக்கிறாள். நான் கேட்ட ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது. யாருக்கு வேண்டாம் என்று கேட்டேனோ, அவள் வாயாலேயே கிடைத்தது.

சேர்ந்த அன்று டாக்டர் அம்மா ஒன்றுதான் சொன்னார். தப்பு செய்கிறவர்களோடு வண்டியில் போய்விடலாம், மறைக்கிறவர்களோடு போக முடியாது என்றார். பிறகு விண்ணப்பத்தில் என் நம்பரை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார். இரண்டு மாதத்தில் பெனிட்டாவுக்கு ஓசூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்தது. அவளுக்காக அந்த இரண்டு மாதமும் தினமும் ஜெபித்தேன். இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை.

பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி ஆகும். இன்னும் அவள்மேல் பொறாமைதான். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் செய்தாளே, அதை என்னால் செய்ய முடியுமா என்ற பொறாமை.

சகோதரிகளே, உங்கள் ஜெபத்தில் சொல்ல வாய் வராத பெயர் ஒன்று இருக்கும். நாளைக்கு அதை முதலில் சொல்லிப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் அவர் கேட்கிறார். நான் கேட்டுப் பெற்றவள், அதனால் சொல்கிறேன்.