அத்தானின் துடுப்பு

என் வீட்டு வாசலில், குடைகள் போட்டு வைக்கும் வாளிக்குள், ஒரு கறுப்புத் துடுப்பு நிற்கிறது. வருகிறவர்கள் அதைக் கண்டு, "படகு ஓட்டுவீர்களா?" என்று கேட்பதுண்டு. இங்கே ஜெர்மனியில், எங்கள் ஊரில் ஓடும் வுப்பர் ஆற்றில் பல இடங்களில் வாத்துகளே நடந்துதான் போகின்றன என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கேட்கிறார்கள். நானும் ஓம் என்று தலையாட்டி விடுகிறேன். உண்மையில் அது துடுப்பு அல்ல. வேட்டைத் துவக்கொன்றின் பிளாஸ்டிக் சோங்கு, தோளில் பதித்துச் சுடும் அடிப்பாகம். துவக்கு போய்விட்டது. சோங்கு மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அது எப்படித் துடுப்பானது என்பதில் என் மானம் கொஞ்சம் சம்பந்தப்பட்டிருக்கிறது. என்றாலும் அத்தானைப் பற்றிச் சொல்வதானால் அதைச் சொல்லாமல் ஏலாது.

அத்தான் என் அக்காவின் கணவர். வுப்பர்டாலுக்குத் தெற்கே, மலைக் கிராமங்களில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் சேர்க்கும் தாங்கி லொறியை, பவுசரை, ஓட்டினார். அந்தப் பண்ணைக்காரர்களில் ஒருவர்தான் அந்தப் பக்கத்து வேட்டைக்குத் தலைவர். இலையுதிர் காலத்தில் சோளத்தைக் கிண்டிப் போடும் காட்டுப் பன்றிகளைக் கலைக்க ஆள் தேவை என்று அவர் அத்தானைக் கூப்பிட்டார். வேலை மிகச் சுலபம்: பற்றைக் காட்டுக்குள் நடந்து சத்தம் போட வேண்டும். ஜெர்மன்காரர் "ஹொப், ஹொப்" என்று மரியாதையாகக் கத்திக்கொண்டு போக, அத்தான் தமிழில் தொடங்கினாராம்: "எழும்படா, இது என்ன உன்ர கொப்பன்ர தோட்டமே?" பன்றிகள் குடும்பத்தோடு வெளிக்கிட்டு ஓடின. அத்தான் என்ன மந்திரம் சொல்கிறார் என்று தலைவர் பிறகு என்னிடம் கேட்டார். ஆசீர்வாதம் என்று சொன்னேன்.

பல இலையுதிர் காலங்கள் இப்படிக் கத்திய பிறகு, அத்தானுக்குத் தானும் துவக்கோடு வரிசையில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. பவுசருக்குள் புத்தகத்தை வைத்துப் படித்தார். பறவைகளின் பெயர், நாய்களுக்கு வரும் நோய், வேட்டைச் சட்டம் எல்லாம் ஜெர்மனில் பாடமாக்கி, பரீட்சை எழுதி, வேட்டை அனுமதி எடுத்தார். அக்கா இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினாள். நான் இனிப்பை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். காரணம் இருக்கிறது. துவக்கின் குழாயைத் தாங்கி நிற்கும் அந்த உடலை ஜெர்மன்காரர் ஷாஃப்ட் என்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்குச் சோங்கு என்று பெயர். அந்தச் சொல்லை நான் காதால் கற்கவில்லை, முதுகால் கற்றேன். ஊரில், ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில் நிரையில் நின்று, கொஞ்சம் மெதுவாக அடையாள அட்டையை எடுத்த ஒரு காலையில். அதன் பிறகு உலகத்தில் எந்தச் சீருடையைக் கண்டாலும் என் கை என்னைக் கேட்காமலே சட்டைப்பைக்குப் போய்விடும். இங்கே தபால்காரருக்குக்கூட ஒருமுறை அடையாள அட்டை காட்டியிருக்கிறேன். அவர் அதில் பிறந்த திகதியைப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போனார்.

அத்தான் வாங்கியது பழைய துவக்கு. அழகான வால்நட் மரச் சோங்கு, தேன் நிறத்தில் வரி ஓடியிருக்கும். ஆனால் அது ஒரு நெடிய ஜெர்மன்காரருக்காகச் செய்தது. அத்தானோ குட்டையர்; அவருடைய வலத் தோளில், ஊரில் விழுந்த ஷெல்லின் துண்டொன்று இன்னும் இருந்தது. நீளமான சோங்கை அவர் தோளில் பதித்தால் அது சரியாக அந்தத் துண்டில்தான் போய்க் குந்தும். வெடிக்கு முன்பே வலிக்குப் பயந்து உடம்பு பின்வாங்கும்; குண்டு வேறெங்கோ போகும். வேட்டைக்கு முன் சுடுகளத்தில் குறி தப்பாமல் சுட்டுக் காட்ட வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. அத்தான் இரண்டு முறை தவறினார். "இந்த முறையும் சரிவராவிட்டால் பரவாயில்லை, பழையபடி சத்தம் போட வாருங்கள், உங்களைப் போல ஒருவரும் கத்துவதில்லை" என்று தலைவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அத்தானைச் சுட்டது. "மச்சான், இவங்களுக்கு நான் கடைசிவரைக்கும் கத்துற ஆள் மட்டும்தானோ?" என்று என்னிடம் கேட்டார். நீளம் குறைய மரத்தை அரிந்து கட்டையாக்கலாமே என்றேன். "இவ்வளவு வடிவான சாமானை அரிய எனக்கு மனம் வராது. மலிவா ஒரு பிளாஸ்ரிக் சோங்கு பாப்பம். பிளாஸ்ரிக் எண்டால் நீதானே" என்றார்.

நான் வேலை செய்வது, சலவை இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக்கில் சோப்புத்தூள் தட்டு வார்க்கும் தொழிற்சாலையில். அந்தத் தகுதியில்தான் துவக்குக் கடைக்குள் நிபுணராக நுழைந்தேன். சுவரெல்லாம் துவக்கு. என் கைகள் இரண்டும் வெளியே தெரியும்படி விறைத்து நின்றேன். கடைக்காரப் பெண்மணி குளிருகிறதா என்று கேட்டு யன்னலைச் சாத்தினார். பிறகு மூன்று சோங்குகளை மேசையில் வைத்தார். ஒன்று மிக மலிவு. ஒன்று நடுத்தரம். மற்றதன் விலையைக் கேட்டதும் அத்தான் அதை மிகுந்த மரியாதையோடு திருப்பி வைத்தார். நான் மலிவானதைக் காதருகே பிடித்து, தமிழ்க்கடையில் தேங்காய் பார்ப்பது போல விரலால் தட்டினேன். ஆனால் தட்டியதில் விஷயம் இருந்தது: சுவர் மெல்லியது, நார் கலக்காத வார்ப்பு, முன்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தினால் வளைந்தது. அப்படி வளைந்தால் குழாயில் முட்டும். முட்டினால் குறி மாறும் என்றார் பெண்மணி. அதே வகைத் துவக்கொன்றில் அதைப் பூட்டி, குழாய்க்கும் சோங்குக்கும் நடுவே ஒரு தாள் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று காட்டினார். தாள் தேடிய அத்தான் சட்டைப்பையில் இருந்து கோயில் அர்ச்சனைச் சீட்டை எடுத்தார். மலிவுச் சோங்கை லேசாக நெரித்ததும் சீட்டு இறுகி நின்றது. நடுத்தரத்தில், நான் பல்லைக் கடித்து அழுத்தியும், சீட்டு முன்னும் பின்னும் ஓடியது. "பிள்ளையார் ஓம் எண்டிட்டார்" என்றார் அத்தான். அதன் பின்புற றப்பருக்குக் கீழே கழற்றக்கூடிய தகடுகள் இருந்தன. எல்லாவற்றையும் கழற்றியதும் சோங்கு கட்டையாகி, அத்தானின் தோளில், ஷெல் துண்டுக்கு உள்பக்கமாக வந்து அமர்ந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைத் தோளில் இருந்து எடுக்கவே இல்லை.

அத்தான் பவுசருக்குப் போக வேண்டியிருந்ததால், சோங்கை, ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் தொங்கு ரயிலில் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இதற்கு ஒரு அனுமதியும் தேவையில்லை, கதிரைக்கால், மேசைக்கால் வாங்குவது மாதிரித்தான் என்று பெண்மணி தெளிவாகச் சொல்லியிருந்தார். என் மூளைக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. சோங்கு பைக்குள் முழுதாகப் போகாமல் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பொலிஸ்காரர் ஏறினார்கள். அவர்கள் என்னைப் பார்க்க முன்னரே என் கையில் அடையாள அட்டை, மருத்துவக் காப்புறுதி அட்டை, கடைப் பற்றுச்சீட்டு எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி விரிந்திருந்தன. இளையவர் குழம்பிப்போய், "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லையே" என்றார். பிறகு, பேச்சுக்காக, பையைப் பார்த்து, "துடுப்பா?" என்றார். "ஓம்" என்றேன், தமிழில். பிறகு ஜெர்மனில். அவர் படகு ஓட்டுகிறவராம். மிச்ச வழி முழுக்க, ஒற்றைத் துடுப்பா இரட்டையா, எந்த ஏரி என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். பெட்டி ஆடியது, கீழே கணுக்கால் ஆழத்து ஆறு ஓடியது, நான் வாழ்க்கையில் காணாத ஏரியொன்றில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் இதைக் கேட்ட அத்தான் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் குந்திச் சிரித்தார். "மச்சான், சட்டப்படி வாங்கின சாமானுக்குப் பொய் சொன்ன ஒரே ஆள் நீதானடா." அன்றிலிருந்து அது துடுப்பு. அதில் ஒரு குறை மட்டும் இருந்தது. பின்பக்கம் உள்ளே வெறுமை. கிளை உரசினால் தகரப்பேணி மாதிரிச் சத்தம். நான் தொழிற்சாலை அறிவோடு நுரை, பசை என்று விரிவுரை நடத்திக்கொண்டிருக்க, அத்தான் அக்காவின் பழைய நூல்சீலையைக் கிழித்து உள்ளே திணிக்கத் தொடங்கிவிட்டார். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "உங்கட பண்டி வேட்டைக்கு என்ர சீலையோ?" என்றாள். பிறகு தானே கிட்ட வந்து, "உப்பிடி அடைச்சால் இறுகாது, மடிச்சு வையுங்கோ" என்று வாங்கி மடித்துக் கொடுத்தாள். றப்பரைப் பூட்டி ஆட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை.

சுடுகளத்துக்கு நானும் துணைக்குப் போனேன். துணை என்றால், முதல் வெடி கேட்டபோது நான் காரின் பின் இருக்கைக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தேன். எப்போது படுத்தேன் என்று எனக்கே தெரியாது. எத்தனை வெடி என்றும் தெரியாது. முகத்தைக் கால்விரிப்பில் புதைத்துக்கொண்டு, அவர் தோளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மட்டும் நேர்ந்துகொண்டிருந்தேன். கடைசியில் யன்னலில் தட்டும் சத்தம். அத்தான் குனிந்து நின்றார். பக்கத்தில் தலைவர், ஓட்டைகள் நெருக்கமாக விழுந்த இலக்குத் தாளைப் பிடித்துக்கொண்டு. "எழும்பு மச்சான், ஆமி போயிட்டுது" என்றார் அத்தான். அந்த இலையுதிர் காலத்திலும் பிறகு வந்தவற்றிலும் அவர் வரிசையில் துவக்கோடு நின்றார். பழக்கதோஷத்தில் அங்கிருந்தும் பன்றிகளைத் திட்டுவாராம்.

போன குளிர்காலத்தில் அத்தான் போய்விட்டார். நெஞ்சுவலி, பவுசரைப் பண்ணை முற்றத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார். அனுமதி இல்லாத வீட்டில் துவக்கு இருக்க முடியாது என்பதால் தலைவர் அதை வாங்கிக்கொண்டார். அரியாமல் காப்பாற்றிய அந்த வால்நட் மரத்தை மறுபடி பூட்டினார். அவர் உயரத்துக்கு அது அளவாக இருந்தது. கழற்றிய பிளாஸ்டிக்கை இரண்டு கைகளாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். "இது உங்களிடம் இருக்கட்டும். இனி எங்கள் காட்டில் யார் ஆசீர்வதிப்பார்கள்?" என்று கேட்டார்.

வாங்கிக்கொண்டு தொங்கு ரயிலில் வந்தேன். பையும் இல்லை, போர்வையும் இல்லை, மடியில் கிடந்தது. காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தேன். அக்காவின் சீலை இறுகித்தான் இருந்தது. வழியில் ஒரு பொலிஸ்காரர் ஏறி எதிரே உட்கார்ந்தார். என் கை சட்டைப்பைக்குப் போய், அட்டையைத் தொட்டுக்கொண்டு அங்கேயே நின்றது. அவர் சோங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு யன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். துடுப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். அதைப் போய்ச் சொல்லிச் சிரிக்க வைப்பதற்குத்தான் குசினியில் ஆள் இல்லை.