கதைக்கப் படிப்பிக்கும் கல் கட்டடம்

வெள்ளிக்கிழமை விடிய நான்கு மணிக்கு ஸ்காபரோவில் கார் எடுத்தேன். மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். எட்டாம் வகுப்போடு நின்றவன், இன்று மூன்று பலசரக்குக் கடைக்கு முதலாளி. எனக்கு வழிகாட்டி தேவையில்லை. ஆனால் அந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு வீதி வேலை, செம்மஞ்சள் கூம்புகள். சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பவும் கூடாதாம். பின்னால் வந்தவன் பிரெஞ்சில் ஏசினான்.

சென்ட் லோரன்டில் வழிகாட்ட மனைவியின் தம்பி ரவி ஏறிக்கொண்டான். பின் சீற்றில் இருந்த மகள் ஆரணிக்குப் பதினொரு மணிக்கு நேர்முகத் தேர்வு. தொடர்பாடல் மட்டும் படிப்பிக்கும் தனியார் பல்கலைக்கழகம். இதில் தவறினால் இந்த வருடம் இடமில்லை.

"கதைக்கப் படிப்பிக்கவும் ஒரு யூனிவர்சிட்டியோடா?" என்றேன்.

"ஓம் அத்தான். எல்லாரும் உங்களைப்போல படிக்காமலே கதைப்பினமே?"

முன்பு கன்னியாஸ்திரிகள் இருந்த கல் கட்டடம். பழைமையானது என்பதால் ஒரு கதவைக்கூட மாற்ற விடமாட்டார்களாம். இழுத்துத் திறப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது. என் கடைக் கதவுகள் தாமாகத் திறக்கும்.

பிள்ளையைத் தனியே விடுவது எங்களிடம் வழக்கமில்லை. நானும் உள்ளே போய் இருந்தேன். ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார். நானே விளக்கமாகச் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "ஐயா, உங்களுக்கு இப்போதே இடம் தரலாம். ஆனால் விண்ணப்பித்தது உங்கள் மகள்."

"அப்பா, ஒருக்கா வெளியில இருங்கோ," என்றாள் ஆரணி.

இருபது பேரை வேலைக்கு வைத்திருப்பவன், தாழ்வாரத்து வாங்குப் பலகையில் இருந்தேன். அந்தக் கல்லுச் சுவரைத் தாண்டி ஒரு சொல் வெளியே வரவில்லை. ரவி வாங்கிவந்த கோப்பி நாலேகால் டொலர், வெறும் கசப்பு. கடைசியில் கதவு திறந்தது.

"கிடைச்சுதோ?"

"ஓம். செப்டெம்பரில வரட்டாம்."

"என்ன கேட்டவ?"

"வீட்டில ஆர் நிறையக் கதைக்கிறது எண்டு. அப்பா எண்டு சொன்னன்."

"பேந்து?"

"அதாலதான் இஞ்ச வாறன் எண்டன்."

ரவி சிரிப்பில் கோப்பியைத் துப்பிவிட்டான்.

திரும்பும் வழியில், மொன்றியல் பாலம் தாண்டியதும் ஆரணி பேசத் தொடங்கினாள். பாதி வழியில் இருக்கும் கிங்ஸ்டன் கடக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.