ராக்கப்பன் மச்சானுக்கு ஒற்றை நட்சத்திரம்

சாயல்குடி கூத்தையா தங்கமான மனுஷன். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் வம்பை விலைக்கு வாங்க ஆயிரம் வழி இருக்க, படத்தை அடுக்கி வைக்கப்போய் வம்பை வாங்கிய ஆள் இந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்தார். பிலிம் இருந்த காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல்தான். மாப்பிள்ளை தும்மினால் படம் கிடையாது. டிஜிட்டல் கேமரா வாங்கியதும் மனுஷனுக்குக் கை நிற்கவில்லை. தும்முவதற்கு முன்னால் ஒன்று, தும்மும்போது ஒன்று, தும்மிவிட்டு மூக்கைத் துடைக்கும்போது ஒன்று. 2007 சித்திரையில் கம்ப்யூட்டரில் முப்பத்தெட்டாயிரம் படம் கிடந்தது. அதையாவது ஒழுங்காக வைத்தாரா? ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘கடைசி’, ‘கடைசிக்குக் கடைசி’ என்று போல்டர்கள். ஒரு மூக்கையூர்க்காரர் தன் நிச்சயதார்த்தப் படம் கேட்டு வந்தார். இரண்டு நாள் தேடியதில் அது ‘அழிக்கணும்’ என்ற போல்டரில் கிடைத்தது. அதைக் கண்டதும் அவர் பார்த்த பார்வையைக் கூத்தையாவால் மறக்க முடியவில்லை.

பெரியபட்டினத்து மீரா சாகிபு கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். அவர்தான் வந்து ஒரு கேட்டலாக் சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தார். “இங்கன ஆளு பேரு, ஊரு, விசேஷம் எல்லாத்தையும் எழுதி வைங்க. அப்புறம் பேரைத் தட்டினா மொத்தப் படமும் வரிசையா வந்து நிக்கும். கீழ அஞ்சு நட்சத்திரம் இருக்குல்ல? நல்ல படத்துக்கு அஞ்சு, மட்டத்துக்கு ஒண்ணு. அம்புட்டுத்தான்.”

கூத்தையாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. நான்கு மாதம் கடையே கதி. ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் எழுதினார், ஒவ்வொரு படத்துக்கும் நட்சத்திரம் போட்டார். பெரிதாக்கி மாட்டத் தகுந்ததற்கு ஐந்து. ஆல்பத்துக்கு நான்கு. இடமிருந்தால் மூன்று. பரவாயில்லை ரகம் இரண்டு. கண் மூடியிருந்தால் ஒன்று. இதில் தயவு தாட்சண்யமே கிடையாது. மாமியார் பஞ்சம்மாளுக்கே இரண்டுக்கு மேல் விழவில்லை.

“மூணு வயசுப் புள்ளைக்கு இன்னும் காது குத்தல. இந்த மனுஷன் ஊரு மூஞ்சிக்கெல்லாம் பொட்டு வச்சுக்கிட்டு இருக்காரு” என்று அவர் மனைவி பூமயில் கத்திக் கத்தி, ஒருவழியாக ஆவணியில் குலதெய்வம் கோயிலில் மகள் சேதுலட்சுமிக்குக் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பூமயிலுக்கு ஒரே அண்ணன், ராக்கப்பன். கடலாடிப் பக்கம் மிளகாய் விவசாயம். தங்கச்சி மகள் என்றால் உயிரை விடுவார். ரோஷம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இந்த நேரம் பார்த்து, ராக்கப்பன் ஊர்த் தங்கசாமி தன் மகன் கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வேண்டும் என்றார். கூத்தையா ஒரு பக்கத்துக்கு இருபது குட்டிப் படமாகப் பிரிண்ட் போட்டு அனுப்பினார். சாப்ட்வேர் சும்மா இருக்குமா? ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் நட்சத்திரத்தையும் சேர்த்து அச்சடித்துவிட்டது. இவரும் கவனிக்கவில்லை.

ஊரே கூடிப் பார்த்தது. படத்தை எவன் பார்த்தான்? எல்லோரும் நட்சத்திரத்தை எண்ணினார்கள். கூத்தையா ஆளுக்கு மார்க் போட்டிருக்கிறார் என்று முடிவாகிவிட்டது. இரண்டு வாங்கின முனியசாமி தன்னை எஸ்.ஐ. என்றார். மூன்று வாங்கினவர் இன்ஸ்பெக்டர் ஆகி, முனியசாமியை சல்யூட் அடிக்கச் சொன்னார். சமையல்காரருக்கு ஐந்து விழுந்திருந்தது. பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு கண்ணை மூடியிருந்த ராக்கப்பனுக்கு ஒன்று.

மறுநாளே ராக்கப்பன் ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார்: “ஒத்த நட்சத்திரக்காரன் மடி எதுக்கு? சமையக்காரன் மடியில வச்சுக் குத்திக்கச் சொல்லு.”

பூமயில் பத்திரகாளியாகக் கடைக்குள் நுழைந்தாள். “அந்தச் சனியனை நாலு தட்டுத் தட்டினா அஞ்சாயிரும்ல? தட்டித் தொலைங்க!”

“ஏ, கண்ணு மூடின படத்துக்கு எப்படி அஞ்சு போடுறது? அப்புறம் நல்ல படம் எதுன்னு எப்படித் தெரியும்?”

“எங்கண்ணன் இல்லாம புள்ளைக்குக் காது குத்திருவீகளா? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

கூத்தையா யோசித்தார். தாய்மாமன் இல்லாத காதுகுத்தா? ஊர் காறித் துப்பாதா? பூமயில் கண் கலங்கி நின்றது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. போனால் போகிறது என்று ஐந்தாகத் தட்டினார். ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். மனசு கேட்கவில்லை. மறுபடி ஒன்றாக்கிவிட்டார். இப்படியும் ஒரு பிறவி!

சமாதானம் பேச மச்சானைக் கடைக்கே வரச்சொன்னார். ‘ராக்கப்பன்’ என்று தட்டினார். நூற்று அறுபத்து மூன்று படம் வந்து நின்றது. தாலி கட்டும்போது, மாலை போடும்போது, சாமி கும்பிடும்போது, சாப்பிடும்போது. அத்தனையிலும் கண் மூடியிருந்தது. இதைப் பார்த்தால் தன் பக்க நியாயம் புரிந்துவிடும் என்று அப்பாவித்தனமாக நம்பினார் கூத்தையா.

ராக்கப்பன் கடைசிப் படம்வரை பார்த்தார். மீசை துடித்தது. “ஒரு மனுசன் நூத்தி அறுவத்து மூணு தடவையா கண்ணை மூடுவான்? நான் எப்படா மூடுவேன்னு காத்திருந்து எடுத்திருக்க மாப்பிள!”

“ஐயோ மச்சான், பிளாஷ் அடிச்சா நீங்களா மூடிக்கிறீக!”

“அப்ப இப்ப எடு. தொறந்து காட்டுறேன்.”

எடுத்தார். நாற்பது படம். ராக்கப்பன் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கூடப் பார்த்தார். அதிலும் கருவிழி மேலே போய்விட்டது, பார்க்கவே பயமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “புள்ளைக்காக வாரேன். மடியில வச்சுக்கிறேன். ஆனா எம்பக்கம் ஒரு படம் எடுத்த, குத்து முடியலைன்னாலும் எந்திரிச்சுப் போயிருவேன். ஆமா.”

காதுகுத்து நாள். ராக்கப்பன் சீர்த்தட்டும் தங்கத் தோடுமாக வந்துவிட்டார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய சேதுலட்சுமி மாமன் மடியில் உட்கார்ந்தாள். கூத்தையா கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முப்பத்தெட்டாயிரம் படம் எடுத்தவருக்குப் பெற்ற பிள்ளையின் காதுகுத்துப் படம் கிடையாது. என்ன கொடுமை!

ஆசாரி இடது காதில் ஊசியை இறக்கினார். பிள்ளை வீல் என்றாள். அவளுக்கு மேலே இன்னொரு சத்தம் கேட்டது. ராக்கப்பன்! ஆறடி ஆள், வாயைப் பிளந்து, “ஐயோ எந்தாயி!” என்று கதறுகிறார்.

கூத்தையாவின் கை எப்போது முன்னால் வந்தது என்று அவருக்கே தெரியாது. கிளிக்.

கோயிலே ராக்கப்பனைத் திரும்பிப் பார்த்தது. ஒரு காதுதான் முடிந்திருக்கிறது. பூமயில் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“எடுத்துட்டியா?” என்றார் ராக்கப்பன்.

“எடுத்துட்டேன் மச்சான்.” பொய் சொல்லத் தெரிந்தால்தானே.

“காட்டு.”

கேமராவின் சின்னத் திரையை நீட்டினார். ராக்கப்பன் கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்தார். இரண்டு கண்ணும் கோலிக்குண்டாகத் திறந்திருந்தன. தாரை தாரையாகத் தண்ணீர். மடியிலிருந்த பிள்ளை தன் அழுகையை நிறுத்திவிட்டு, இந்த மாமனுக்கு என்ன ஆச்சு என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொறந்துதான் இருக்கு” என்றார் ராக்கப்பன் மெதுவாக. “எத்தனை போடுவ?”

கூத்தையா தொழில்காரர். வெளிச்சம் பார்த்தார், முகம் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

“அஞ்சு மச்சான். சத்தியமா அஞ்சு.”

ராக்கப்பன் இன்னொரு தடவை பார்த்தார். கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, வலது காதை ஆசாரி பக்கம் திருப்பினார்.

“நீ பாட்டுக்கு எடு மாப்பிள. ஆனா இந்தக் காதுக்கு என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது, கண்ணை மூடிக்கிறேன். ஒண்ணே போட்டுக்க.”

ஆசாரி ஊசியை எடுத்தார்.